நிழல் யாருக்குச் சொந்தம்?

வீட்டுச் சொந்தக்காரர் உரிமையும் மரம் வெட்டும் விதிகளும் - ஒரு சொற்பொழிவின் வாசகம்



தன் வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரத்தை வெட்டுவதற்கு ஒரு மனிதன் யாரைக் கேட்க வேண்டும்? இதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். "என் மண், என் மரம், என் கோடரி, இடையில் சர்க்காருக்கு என்ன வேலை?" என்று ஒருவர் சொல்வார். "மரம் ஊருக்குப் பொது, ஒரு கிளையைத் தொட்டாலும் அபராதம் போடு" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேச்சும் காதுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டிலும் முக்கியமான விஷயம் விடுபட்டுப் போகிறது. மரத்தைக் காப்பாற்றுகிற செலவு யார் தலையில் விழுகிறது? மரம் போனால் வெயில் யார் தலையில் விழுகிறது? இவற்றைக் கேட்காமல் சொத்துரிமை பற்றி வாதம் செய்வது காற்றிலே கம்பு சுற்றுகிற வேலை.

இதை வெறும் தத்துவமாகப் பேச நாம் விரும்பவில்லை. ஓர் இடத்தை, ஒரு சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்போம். அந்த இடம் அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியில் உள்ள புளோரிடா மாநிலம். கொளுத்துகிற வெயிலும் ஆண்டுதோறும் மிரட்டுகிற புயலும் உள்ள பூமி. வீட்டுச் சொந்தக்காரரின் உரிமை என்ற பெயரில் மரம் வெட்டும் சட்டம் ஒன்று அங்கே 2019-இல் வந்தது. அந்தச் சட்டம் என்ன செய்தது, யாருக்கு உதவியது, மூன்றே ஆண்டில் அதை ஏன் திருத்த வேண்டி வந்தது என்ற கதையைப் பார்த்தால் விஷயம் தானாக விளங்கும்.

விதிகள் எதற்காக வந்தன?

புளோரிடாவின் நகரசபைகள் பல ஆண்டுகளாகவே மரங்களைப் பற்றி விதிகள் வைத்திருந்தன. குறிப்பிட்ட பருமனுக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட வேண்டுமானால் மனுச் செய்ய வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். வெட்டிய மரத்துக்கு ஈடாக வேறு மரம் நட வேண்டும், அல்லது நகரசபையின் மர நிதியில் பணம் செலுத்த வேண்டும். பென்சகோலா நகரம் தன் முதுபெரும் மரங்களைப் 'பாரம்பரிய மரம்' என்று வகைப்படுத்தியது. டாம்பா நகரம் 'மகா மரம்' என்ற பொருளில் ஒரு வகை வைத்துக் காத்தது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? மரம் வேலி போட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. அதன் வேர் ஒருவர் மண்ணில் இருக்கிறது. நிழலோ தெருவில் விழுகிறது, பக்கத்து வீட்டுக் கூரையில் விழுகிறது. மழை நீரை அது பிடித்து வைக்காவிட்டால் அந்த நீர் பள்ளத்தில் இருப்பவன் வீட்டுக்குள் போகிறது. புயலைப் பற்றியும் ஒரு விஷயம் உண்டு. பல புயல்களுக்குப் பிறகு விழுந்த மரங்களையும் நின்ற மரங்களையும் புளோரிடா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். லைவ் ஓக் என்னும் கருவாலி மரம் காற்றைத் தாங்குவதில் முன்வரிசையில் நின்றது. வாட்டர் ஓக், லாரல் ஓக் என்ற அதன் உறவு மரங்கள் சுலபமாக விழுந்தன. தனித்து நின்ற மரத்தைவிடக் கூட்டமாக நின்ற மரங்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. அப்படியானால் நாம் வெட்டுகிற மரம் பக்கத்து வீட்டு மரத்தின் பலத்தையும் குறைக்கலாம். 'என் மரம், என் இஷ்டம்' என்ற பேச்சு இங்கேயே ஆட்டம் காண்கிறது.

2019-ஆம் ஆண்டுச் சட்டம்

2019 ஜூனில் அந்த மாநிலத்தின் கவர்னர் ரான் டிசாண்டிஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜூலை 1-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. அந்த மசோதாவுக்கு வைத்த பெயரே 'தனியார் சொத்துரிமை'. அது சொன்னது இதுதான்: குடியிருப்பு நிலத்தில் உள்ள ஒரு மரம் ஆட்களுக்கோ சொத்துக்கோ ஆபத்து என்று, சான்று பெற்ற மர வல்லுநரோ லைசென்ஸ் உள்ள தோட்ட அமைப்பு நிபுணரோ எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். அதன் பிறகு நகரசபை அனுமதி கேட்கக் கூடாது. மனுக் கேட்கக் கூடாது. முன்னறிவிப்புக்கூடக் கேட்கக் கூடாது. கட்டணம் வாங்கக் கூடாது. வெட்டிய மரத்துக்கு ஈடாக வேறு மரம் நடச் சொல்லவும் கூடாது.

ஆபத்தான மரத்தை வெட்டலாம் என்பதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் 'ஆபத்து' என்றால் என்ன? சட்டம் சொல்லவில்லை. 'எழுதிக் கொடுப்பது' என்றால் எப்படி? நேரில் வந்து பார்க்க வேண்டுமா? சட்டம் சொல்லவில்லை. 'குடியிருப்பு நிலம்' என்பது ஒரு குடும்பம் வாழும் வீடா, நூறு குடும்பம் வாழும் வாடகைக் குடியிருப்பா, வீடு கட்டப்போகிற காலி மனையா? அதையும் சட்டம் சொல்லவில்லை. இத்தனை ஓட்டைகளையும் வைத்துவிட்டு, அவற்றைத் தட்டிக் கேட்கும் அதிகாரத்தை மட்டும் ஊர் மன்றங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

சின்ன வீட்டுக்காரரின் குறை

இந்தச் சட்டத்தை ஆதரித்தவர்கள் எல்லோரும் மனை வியாபாரிகள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். ஆதரித்தவர்களில் சாதாரண வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் குறை நியாயமான குறை.

வாழ்நாள் உழைப்பைப் போட்டு ஒரு தொழிலாளி வீடு வாங்குகிறான். கூரைக்கு மேலே ஒரு பெருங்கிளை காய்ந்து தொங்குகிறது. 2018 அக்டோபரில் மைக்கேல் புயல் அந்த மாநிலத்தின் வடமேற்குக் கரையைத் துவம்சம் செய்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். கிளையை எடுக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி நெருக்குகிறது. நகரசபைக்குப் போனால் மனு, கட்டணம், பரிசோதனைக்கு வருகிற உத்தியோகஸ்தருக்காகக் காத்திருப்பது, பிறகு ஈடு மரத்துக்குப் பணம். ஊருக்கெல்லாம் நிழல் கொடுத்த மரத்துக்கு இவன் ஒருவனே தண்டம் கட்ட வேண்டியிருக்கிறது. அவனுக்குக் கோபம் வராதா? வரும். வர வேண்டியதுதான்.

ஆனால் அந்தக் கோபத்தை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று பாருங்கள். ஒரு பெரிய மரத்தைப் பத்திரமாக இறக்குவதற்கு அந்த நாட்டில் ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். நகரசபைக் கட்டணம் அந்தச் செலவில் ஒரு பகுதிதான். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டணத்தை நீக்கியது. வெட்டுக் கூலிக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. வல்லுநரின் கூலியையும் வீட்டுக்காரனே கொடுக்க வேண்டும். ஆக, பணம் உள்ளவனுக்கு மறுநாளே மரத்தை வெட்டும் சுதந்திரம் கிடைத்தது. பணம் இல்லாதவனுக்கு, காய்ந்த கிளை சட்டத்துக்கு முன்னால் எங்கே தொங்கியதோ அங்கேயேதான் தொங்கியது.

பென்சகோலா வழக்கு

சட்டம் வந்த அதே ஆண்டில் பென்சகோலா நகரத்தில் ஒரு வழக்கு கிளம்பியது. பழமையைக் காக்க ஒதுக்கப்பட்ட ஒரு பேட்டையில், வீடு கட்ட எண்ணியிருந்த மனை ஒன்றில், பாரம்பரிய மரமாகக் கருதப்பட்ட லைவ் ஓக் நின்றது. மனையின் சொந்தக்காரர்கள் வல்லுநரிடம் எழுத்து வாங்கினார்கள். ஊர்வாசிகள் எதிர்த்தார்கள். நகரசபை கோர்ட்டுக்குப் போனது. மரத்தில் ஆபத்து இல்லை என்று வேறு வல்லுநர்களின் அபிப்பிராயத்தைக் கொண்டு வந்து வைத்தது. கீழ்க் கோர்ட்டு தடை உத்தரவு கொடுத்தது.

2022 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட்டு அந்தத் தடையை ரத்துச் செய்தது. அதன் தீர்ப்பின் சாரம் நாம் கவனிக்க வேண்டியது. சொந்தக்காரர் கையில் சட்டம் கேட்ட எழுத்து இருக்கிறதா? இருக்கிறது. அத்துடன் விஷயம் முடிந்தது. மரம் உண்மையில் ஆபத்தானதுதானா என்று நகரசபை எதிர்ச்சாட்சி கொண்டுவந்து வாதாடச் சட்டத்தில் இடமில்லை என்பதே அந்தச் சாரம். சட்டத்தில் எழுதியிருந்ததைத்தான் நீதிபதிகள் படித்தார்கள். கோளாறு அதை எழுதியவர்களிடத்தில் இருந்தது.

ஒருவர் கூலி கொடுத்து அமர்த்துகிற வல்லுநரே சாட்சி, அவரே நீதிபதி. மர வல்லுநர்களை நாம் குறை சொல்லவில்லை. நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் பலர். ஆனால் எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும், ஒரு தரப்பு கூலி கொடுக்கும் சாட்சியை மறுதரப்பு விசாரிக்கக் கூடாது என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இது புதுத் தந்திரமும் அல்ல. 1841-இல் ஜெர்மனியின் ரைன் மாகாணத்தில் விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி விவாதம் நடந்தது. காட்டில் தானாக விழுந்து கிடக்கிற சுள்ளியைக் குளிருக்காகப் பொறுக்குவது ஏழைகளின் பழைய வழக்கம். அதைத் திருட்டு என்று ஆக்கப் பார்த்தார்கள். காணாமற்போன விறகின் மதிப்பை யார் சொல்வது? காட்டுச் சொந்தக்காரரிடம் சம்பளம் வாங்கும் காவலாளியே சொல்வான் என்று ஏற்பாடு. கொலோன் நகரப் பத்திரிகை ஒன்றில் இளைஞர் கார்ல் மார்க்ஸ் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதினார். பொருளாதாரப் பிரச்னைகளைப் படிக்கத் தம்மைத் தூண்டியவற்றில் இந்த விறகு விவாதமும் ஒன்று என்று பிற்காலத்தில் அவரே குறிப்பிட்டார். அங்கே விறகு பொறுக்கினவன் தண்டிக்கப்பட்டான்; இங்கே மரம் வெட்டுகிறவன் விடுவிக்கப்படுகிறான். இரண்டு இடத்திலும் அளக்கிற கோல் சொத்துக்காரனின் ஆள் கையில்தான் இருக்கிறது.

டாம்பாவில் நடந்தது

2019 ஆகஸ்டில், சட்டம் அமலுக்கு வந்து சில வாரங்களே ஆன நேரத்தில், டாம்பா நகரத்தில் ஒரு மொபைல் ஹோம் பார்க்கில் மகா மரங்கள் பல வெட்டப்பட்டன. புதுச் சட்டத்தைக் காட்டியே வெட்டினார்கள். இது சட்டத்துக்குள் அடங்காது என்று சொல்லி நகரசபை லட்சக்கணக்கான டாலர் அபராதம் கேட்டது. தகராறு பெரிதாயிற்று.

மொபைல் ஹோம் பார்க் என்றால் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தொழிற்சாலையில் செய்து வண்டியில் இழுத்து வந்து நிறுத்துகிற தகர வீடுகள், பலகை வீடுகள் வரிசையாக இருக்கும் இடம். வயதானவர்கள், ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள், குறைந்த கூலிக்காரர்கள் அங்கே வாழ்கிறார்கள். அந்த வீடு பெரும்பாலும் அவர்களுக்கே சொந்தம். வீடு நிற்கிற நிலமோ வேறு ஒருவருக்குச் சொந்தம். மாதாமாதம் தரை வாடகை கொடுக்க வேண்டும். பெயர்தான் நகரும் வீடு. ஒருமுறை நிறுத்திவிட்டால் மறுபடி நகர்த்துவது பெருஞ்செலவு, பல வீடுகளை நகர்த்தவே முடியாது.

இப்போது நாம் கேட்கிறோம்: இங்கே வீட்டுச் சொந்தக்காரர் யார்? பத்திரப்படி வீட்டுக்குச் சொந்தக்காரர் அந்த ஓய்வூதியக்காரர்தான். ஆனால் மரம் நிலத்தைச் சேர்ந்தது. ஆகவே 'வீட்டுச் சொந்தக்காரரின் உரிமை' என்று ஊரெல்லாம் முழங்கிய சட்டத்தில், அந்த வீட்டின் சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை பேச உரிமை இல்லை. நிலத்துக்காரர் விரும்பினால் வைப்பார், விரும்பினால் வெட்டுவார். தகரக் கூரைமேல் வெயில் இறங்கும்போது மின்சாரக் கட்டணம் கட்டுவது மட்டும் குடியிருப்பவர் பொறுப்பு. அவருக்காகப் பேச இருந்த ஒரே வாய் நகரசபையின் விதி. அந்த வாயைத்தான் அடைத்தார்கள்.

வெயிலின் கணக்கு

வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோருக்கும் இதே நிலைமைதான். வாடகை வீட்டு முற்றத்தில் மரம் நடுவதும் அவர்கள் கையில் இல்லை, வெட்டாமல் தடுப்பதும் அவர்கள் கையில் இல்லை. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எந்தத் தெருவில் வெயில் அதிகம் என்று பார்த்தால் அந்தத் தெருவில் யார் வாழ்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. 1930-களில் அமெரிக்க சர்க்காரின் வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்று நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கருப்பு மக்களும் ஏழைக் குடியேறிகளும் வாழ்ந்த பேட்டைகளைச் சுற்றிச் சிவப்பு மை பூசி, இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று முத்திரை குத்தியது. 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி அப்படிப்பட்ட 108 நகரப் பகுதிகளை எடுத்து, இன்றைய வெயிலோடு ஒத்துப் பார்த்தது. அவற்றில் நூற்றுக்கு 94-இல், சிவப்பு மை பட்ட பேட்டைகள் மற்றப் பேட்டைகளைவிட அதிக வெப்பமாக இருந்தன. சராசரி வித்தியாசம் சுமார் இரண்டரை டிகிரி சென்டிகிரேடு. சில நகரங்களில் ஏழு டிகிரி வரை. மரம் குறைவு, தார் அதிகம், சிமெண்டு அதிகம் என்பதே முக்கியக் காரணம். அன்று போட்ட கோட்டை இன்று வெயில் திரும்பப் போட்டுக் காட்டுகிறது.

ஆகவே நிழல் என்பது அழகுக்காக வைத்திருக்கிற விஷயம் அல்ல. அது தண்ணீர்க் குழாய் போல, தெரு விளக்கு போல ஒரு பொது வசதி. சந்தையிடமும் தனிச் சொத்திடமும் விட்டுவிட்டால் அது பணம் உள்ள தெருவில் தங்கும், பணம் இல்லாத தெருவிலிருந்து போய்விடும்.

2022-இல் என்ன மாறியது?

ஊர்வாசிகள் சும்மா இருக்கவில்லை. நகரசபைகள் முறையிட்டன. மரத்தொழில் தெரிந்தவர்களும் சட்டத்தின் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டினார்கள். 2022-இல் அதே மாநில சட்டசபை தன் சட்டத்தையே திருத்தியது. ஜூலை 1 முதல் திருத்தம் அமலுக்கு வந்தது.

இப்போது வல்லுநர் மரம் நிற்கிற இடத்துக்கே வந்து பார்க்க வேண்டும். மரத்தின் ஆபத்தை அளக்க அந்தத் தொழிலில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறைப்படி, குறிப்பாக 2017-ஆம் ஆண்டுப் பதிப்பின் வழிகாட்டுதல்படி, மதிப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். மரத்தை வெட்டுவது ஒன்றே ஆபத்தை நடுத்தர அளவுக்குக் கீழே கொண்டுவர நடைமுறையில் வழி என்று இருந்தால்தான் வெட்டலாம். கிளையைக் கழித்தால் போதும் என்றால் மரம் நிற்க வேண்டும். 'குடியிருப்பு நிலம்' என்பதற்கும் பொருள் சொன்னார்கள்: ஒரு குடும்பம் வாழ்வதற்கான தனி வீடு, உண்மையில் அப்படிப் பயன்படுகிற மனை. காலி மனையும் வாடகைக் குடியிருப்புக் கூட்டமும் அந்தப் பெயரில் நுழைவதற்கு இருந்த வாசல் பெருமளவு அடைபட்டது.

இது சின்ன வெற்றிதான், ஆனாலும் வெற்றி. இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிற சின்ன வீட்டுக்காரனைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், இவ்வளவு எழுதினால் போதும். 2019-இலேயே இதை எழுதியிருக்கலாம். எழுதாமல் விட்ட மூன்றாண்டு இடைவெளியில் விழுந்த மரங்களை எந்தத் திருத்தமும் மறுபடி நிறுத்தாது.

சொத்துரிமை புனிதமா?

'சொத்துரிமை புனிதமானது, அதில் யாரும் கை வைக்கக் கூடாது' என்று இந்தச் சட்டத்தின் பெயரால் பேசினார்கள். அவர்கள் செய்கையை வைத்தே அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்ப்போம்.

முதலாவதாக, அதே சட்டம் கண்டல் மரங்களுக்கு விதிவிலக்குக் கொடுத்தது. கரையோரத்துக் கண்டல் மரத்தை வெட்டுவதற்கு 1996 முதல் மாநிலமே தனிச் சட்டம் வைத்திருக்கிறது. அது அப்படியே நின்றது. கடல் அலையிலிருந்து கரையைக் காக்கிற மரம் பொதுக் காரியம் என்று ஒப்புக்கொள்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? வெயிலிலிருந்து தெருவைக் காக்கிற மரம் மட்டும் எப்படித் தனிக் காரியம் ஆகும்?

இரண்டாவதாக, சட்டம் நகரசபைகளைத்தான் கட்டுப்படுத்தியது. அங்கே புதிய மனைப் பேட்டைகளில் வீட்டுச் சொந்தக்காரர் சங்கம் என்று ஒன்று உண்டு. மனைகளைப் பிரித்து விற்கும் கம்பெனியே முதலில் அதன் நிபந்தனைகளை எழுதிப் பத்திரத்தோடு சேர்த்துவிடுகிறது. மரம் வெட்ட முன் அனுமதி, புல்லின் உயரம், வேலியின் நிறம் எல்லாம் அதில் வரும். மீறினால் அபராதமும் உண்டு. ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த நகரசபை கேட்டால் அது உரிமைப் பறிப்பு. மனை விற்ற கம்பெனி எழுதிவைத்தது கேட்டால் அது ஒப்பந்தம்!

மூன்றாவதாக, சரித்திரத்தைப் பாருங்கள். வழக்கு நடந்த அதே பென்சகோலாவுக்கு எதிர்க்கரையில், 1828-29-ஆம் ஆண்டுகளில் ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ் காலத்தில், அமெரிக்க மத்திய சர்க்கார் லைவ் ஓக் காடுகளைத் தன் வசம் ஒதுக்கி வைத்தது. எதற்காக? போர்க்கப்பல் கட்ட. வளைந்த அந்த மரக்கட்டை கப்பலின் விலா எலும்புக்குப் பொருத்தமானது. இரும்புக் கப்பல் வந்த பிறகுதான் அந்தத் தேவை போயிற்று. கடற்படைக்கு வேண்டியிருந்தபோது ஓக் மரம் தேசத்தின் சொத்து. வயோதிகர் ஒருவர் நிழலில் உட்கார வேண்டியிருக்கிறபோது மட்டும் அது தனியார் சொத்தா?

ஊர் மன்றத்தின் கையைக் கட்டுவது

மரச் சட்டத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அதன் முழுப் பொருள் விளங்காது. பக்கத்தில் இருக்கிற சட்டங்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2022 நவம்பரில் புளோரிடாவின் ஆரஞ்ச் கவுண்டி மக்களில் பெரும்பான்மையோர் வாடகை உயர்வுக்கு வரம்பு கட்ட வாக்களித்தார்கள். 2023-இல் மாநில சட்டம் ஒன்று, வாடகைக் கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரத்தையே உள்ளூர் மன்றங்களிடமிருந்து எடுத்துவிட்டது. மயாமி-டேட் கவுண்டியில், வெயிலில் வேலை செய்யும் கட்டடத் தொழிலாளருக்கும் பண்ணைத் தொழிலாளருக்கும் தண்ணீரும் நிழலும் ஓய்வும் கொடுக்க வேண்டும் என்று விதி கொண்டுவர முயற்சி நடந்தது. 2024-இல் மாநில சட்டம் அப்படிப்பட்ட விதிகளை எந்த உள்ளூர் மன்றமும் போடக் கூடாது என்று தடுத்துவிட்டது.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் இருக்கிறவனுக்கு நிழலைக் காக்க ஊருக்கு அதிகாரம் இல்லை. வாடகை கொடுக்கிறவனைக் காக்க அதிகாரம் இல்லை. வெயிலில் உழைக்கிறவனுக்கு நிழல் கொடு என்று சொல்லவும் அதிகாரம் இல்லை. மக்களுக்கு மிக அருகில் இருக்கிற, மக்கள் நேரில் போய்க் கேள்வி கேட்கக்கூடிய மன்றத்தின் கையைக் கட்டிப்போடுவதே இந்தச் சட்டங்களின் பொதுக் குணம்.

வேறு வழி உண்டா?

உண்டு. அதுவும் முதலாளித்துவ நாடு ஒன்றிலேயே உண்டு. பிரிட்டனில் 1947-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம் ஒரு கொள்கையை நிலைநாட்டியது: நிலம் சொந்தமாக இருப்பதாலேயே அதில் எதையும் கட்டும் உரிமை வந்துவிடாது, அதற்கு ஊரின் அனுமதி வேண்டும். தனியார் நிலத்து மரத்தைக் காக்க உத்தரவு போடும் அதிகாரமும் உள்ளூர் மன்றத்துக்கு உண்டு. இன்று இங்கிலாந்தில் அந்த உத்தரவுக்கு உட்பட்ட மரத்தில் வேலை செய்ய அனுமதி கேட்கக் கட்டணம் கிடையாது. காய்ந்துபோன மரத்துக்கும் ஆபத்தான மரத்துக்கும் அந்த அனுமதி தேவையில்லை. அவசரமில்லாவிட்டால் ஐந்து வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். அனுமதி மறுத்ததால் நஷ்டம் வந்தால், விதிகளுக்கு உட்பட்டு ஈடு கேட்கவும் வழி இருக்கிறது. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. விதியும் இருக்கலாம், சின்ன வீட்டுக்காரன் கசக்கிப் பிழியப்படாமலும் இருக்கலாம் என்பதற்கு அது அத்தாட்சி.

நகரசபைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கேண்டன் என்ற ஊர், அனுமதியில்லாமல் நூற்றைம்பதுக்கு மேல் மரம் வெட்டிய ஒரு நிலக் கம்பெனியிடம் ஈடாக மரம் நடு அல்லது 47,000 டாலருக்கு மேல் கட்டு என்று கேட்டது. 2021-இல் மத்திய அப்பீல் கோர்ட்டு ஊருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இந்த நிலத்தில், இந்த மரங்கள் போனதால் ஊருக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று ஊர் தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை என்பது காரணம். ஜெயித்தது சின்ன வீட்டுக்காரன் அல்ல, கம்பெனி. ஆனால் பாடம் நமக்கும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே தண்டம் போடுகிற விதி, பெரிய முதலைக்குத் தப்பிக்க வழி வைக்கும். சின்ன மீனை மாட்டிவைக்கும்.

எது நியாயம்?

தோழர்களே, இவ்வளவையும் பார்த்த பிறகு எது நியாயம் என்று சொல்வது கஷ்டமில்லை.

ஒன்று: ஆபத்தான மரத்தை எடுக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரன் வாரக்கணக்கில் அலையக் கூடாது. நகரசபையே தன் வல்லுநரைச் சில நாளுக்குள் அனுப்பிப் பார்க்க வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

இரண்டு: பரிசோதிப்பவர் ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். அவருடைய அறிக்கையை வீட்டுக்காரரும் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்க வேண்டும், குடியிருப்பவரும் பார்க்க வேண்டும்.

மூன்று: ஏழை வீட்டுக்காரனின் மரத்தைக் கழிக்கவும் தேவையானால் வெட்டவும் பொதுப் பணத்திலிருந்து செலவு செய்ய வேண்டும். நிழலை ஊர் அனுபவித்தது. செலவையும் ஊர் பகிர்ந்துகொள்ள வேண்டும். வீடு கட்டி விற்று லாபம் பார்க்கிற கம்பெனியிடம் வாங்குகிற மரப் பணம் இதற்குப் போகட்டும், மரம் இல்லாத தெருக்களில் மரம் வைக்கப் போகட்டும்.

நான்கு: ஒரு குடும்பம் வாழும் வீட்டையும், நிலத்தை வியாபாரம் செய்கிற கம்பெனியையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. தன் கூரையைக் காக்க மரம் வெட்டுகிறவன் வேறு, மனையின் விலையை ஏற்ற மரம் வெட்டுகிறவன் வேறு.

ஐந்து: வாடகைக்கு இருப்பவருக்கும், பிறர் நிலத்தில் தன் வீட்டை நிறுத்தியிருப்பவருக்கும், தாங்கள் வாழும் இடத்து மரத்தைப் பற்றிப் பேச உரிமை வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் அவர்களுக்கு அறிவிப்பு வர வேண்டும்.

இவற்றில் எதுவும் வானத்தை வில்லாக வளைக்கும் காரியம் அல்ல. ஊர் மன்றம் மக்கள் கையில் இருந்தால், அதன் கையும் கட்டப்படாமல் இருந்தால், இவ்வளவும் நடக்கக்கூடியவையே. சின்ன வீட்டுக்காரனையும் வாடகைக்காரனையும் எதிரும் புதிருமாக நிறுத்திப் பேசுகிறவர்களைக் கண்டால் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இருவருக்கும் வேண்டியது ஒன்றே: தலைக்கு மேல் விழாத கூரை, தலைக்கு மேல் கொஞ்சம் நிழல். மரம் வெட்டும் சட்டம் என்று எந்த ஊரில் எது வந்தாலும், செலவு யாருக்கு, வெயில் யாருக்கு என்று முதலில் கேளுங்கள். பதில் வந்த பிறகு சொத்துரிமையைப் பற்றிப் பேசலாம்.